தொட்டி வழியாகப் போன குடம்

எங்கள் வீட்டுக்கு மீன் தொட்டி வந்த வருஷமும் அயனாவரத்தில் குழாய்த் தண்ணீர் நின்ற வருஷமும் ஒன்றுதான். 1993 கோடை. கிருஷ்ணா தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஏரிகளை நம்பியிருந்த ஊரில் ஏரிகள் வற்றிவிட்டன. தெருக் குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றுதான் வரும். பச்சை, சிவப்பு, நீலம் என்று காலிக் குடங்கள் வாசலில் வரிசையாக நிற்கும். எங்கள் வீட்டுக் குடம் ஆரஞ்சு. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஹார்ன் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். அந்த நாளில்தான் சித்தப்பா சைக்கிள் கேரியரில் கோணிச் சாக்கு சுற்றிய கண்ணாடித் தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

அம்மா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றாள். "மனுஷனுக்கே தண்ணியக் காணோம். மீனுக்குத் தொட்டியா தம்பி?" என்றாள்.

"வாரத்துக்கு ஒரு குடம் போதும் அண்ணி."

"ஒரு குடம் யார் குடுப்பா? நீங்க போய் லாரிகிட்ட சண்ட போடுவீங்களா?"

சித்தப்பா ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டார்க் ரூம் வேலை பார்த்தார். பகலெல்லாம் இருட்டில் இருப்பவருக்கு ராத்திரியில் வெளிச்சமாக எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆயா சொல்வாள். சின்ன வயதில் மூர் மார்க்கெட்டுக்குப் பழைய புத்தகம் வாங்கப் போய், புத்தகத்துக்கு வைத்திருந்த காசில் மீன் வாங்கி வந்தவர். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது, மீன் கடைக்காரர்கள் என்ன ஆனார்கள் என்றுதான் அவர் முதலில் கேட்டாராம்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். அடியில் கூழாங்கல், மேலே இரண்டு விரற்கடை இடைவெளி போக 45 லிட்டர் என்று சித்தப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். எங்கள் குடம் 12 லிட்டர். நாலு குடத்தில் தொட்டி நிறையும். அந்த நாலு குடத்தைச் சேர்ப்பதற்குள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை எழுதினால் அதுவே தனிக் கதை. ஆயா தன் குளியலில் கை வைத்தாள், அப்பா ஷேவிங்கைத் தள்ளிப்போட்டார். தொட்டி நிறைந்தது. மீன் மட்டும் வரவில்லை.

"இப்பவே மீன் விடக் கூடாதுடா. தண்ணி பழகணும்" என்றார் சித்தப்பா. வெறும் தண்ணீரில் ஏர் பம்பு கொர்ரென்று குமிழி விட்டுக்கொண்டிருக்க, தெருப் பையன்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்துப் போனார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போனோம். இன்று கொளத்தூர் என்றால் தெரு நிறைய வண்ண மீன் கடைகள். அன்று பாதி வியாபாரம் வீட்டுப் பின்கட்டில்தான் நடந்தது. கொல்லையில் சிமென்ட் தொட்டிகள், மேலே தென்னை ஓலைக் கீற்று, ஒரு மூலையில் பாட்டில் பாட்டிலாகத் தனித்தனியே முறைத்துக்கொண்டிருக்கும் ஃபைட்டர் மீன்கள். பெரிய தாம்பாளத்தில் சிவப்பாக நெளியும் டியூபிஃபெக்ஸ் புழு மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சாக்கடையிலிருந்து எடுக்கிற புழு அது. நாள் முழுக்க ஓடுகிற தண்ணீரில் அலசினால்தான் மீனுக்குப் போடலாம் என்றார் அந்த வீட்டு அண்ணன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வலையால் பிளாக் மோலி ஜோடி ஒன்றும், கொஞ்சம் கப்பிகளும், சிவப்பு பிளாட்டிகளும் அள்ளி பாலிதீன் கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றினார்.

கவர் என் கைக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். "ண்ணா, எத்தினி நாளைக்கு ஒருவாட்டி தண்ணி மாத்தணும்?"

"மாத்தவே மாத்தாத. எடுத்துட்டு ஊத்து" என்றார். எனக்குப் புரியவில்லை. "வாரத்துக்கு ஒருவாட்டி காப்பங்கு எடு, காப்பங்கு ஊத்து. மொத்தத் தண்ணியையும் மாத்துனீன்னா மொத்த மீனையும் மாத்த வேண்டியிருக்கும்."

45 லிட்டரில் கால்பங்கு ஏறக்குறைய எங்கள் ஆரஞ்சுக் குடம். திரும்பி வரும் வழியெல்லாம் சித்தப்பாவுக்குச் சந்தோஷம், தன் கணக்கு சரியாக வந்ததில்.

அம்மாவின் கணக்கு வேறாக இருந்தது. மாடிப்படி ஓரத்தில் பெயின்ட் டப்பாக்களிலும் உடைந்த வாளிகளிலும் அவள் கனகாம்பரமும் துளசியும் கறிவேப்பிலையும் வைத்திருந்தாள். அரிசி கழுவிய தண்ணீர், காய் அலம்பிய தண்ணீர் எல்லாம் செடிக்குத்தான் போகும். அது போதாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீரைச் செடிகளுக்கென்று ஒதுக்குவாள். அந்தக் குடத்தின் மேல்தான் சித்தப்பாவுக்குக் கண்.

"அந்தக் குடத்தத் தொட்டில ஊத்திக்கிறேன் அண்ணி. தொட்டியிலேர்ந்து ஒரு குடம் எடுத்து செடிக்குக் குடுத்திடறேன். உங்களுக்குக் கொறையாது."

அம்மா சந்தேகமாகப் பார்த்தாள். மீன் கழிந்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுவதா என்று ஆயா முணுமுணுத்தாள். துளசிக்கு மட்டும் காய் அலம்பிய தண்ணீர் என்று சமரசம் ஆனது. மழைக்காலம் வருவதற்குள் கறிவேப்பிலை கரும்பச்சையாகத் தழைத்ததைப் பார்த்த பிறகு, "இன்னைக்குத் தொட்டித் தண்ணி எடுக்கலியா?" என்று அம்மாவே கேட்கத் தொடங்கினாள். மீன் தண்ணீரில் சேரும் நைட்ரேட் செடிக்கு உரம் என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. கறிவேப்பிலைக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீர் எடுக்கும் வேலை என்னுடையது. கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூபில் ஒரு துண்டைச் சித்தப்பா எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார். ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் வாய்க்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கட்டை விரலால் மூடிக் கீழே குடத்தில் விட வேண்டும். அந்தக் 'கொஞ்சம் முன்னால்' பிடிபடும் வரை தொட்டித் தண்ணீரின் ருசி எனக்கு அத்துபடி: மண் ருசி, லேசான பாசி ருசி. டியூபின் முனையைக் கூழாங்கல்லில் குத்தினாற்போல் வைத்தால் அடியில் தங்கிய எச்சமும் தின்னாத தீனியும் பழுப்பாகச் சுழன்று டியூபுக்குள் ஏறும். "மேல் தண்ணிய எடுக்காத, அடித் தண்ணிய எடு" என்பார் சித்தப்பா. குட்டி கப்பி எதுவும் உள்ளே இழுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என் தம்பியின் பொறுப்பு.

ஊற்றுகிற தண்ணீரில்தான் சித்தப்பாவின் தொழில் உதவியது. முந்தைய வருஷக் கடைசியில் ஓ139 என்ற புதுவகைக் காலரா சென்னையில் தலைகாட்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்த லாரித் தண்ணீரில் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கும். மனிதனைக் காக்கிற அந்தக் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். குடத்தைத் திறந்து வைத்து ஒரு நாள் விட்டால் குளோரின் தானே போய்விடும். ஆனால் தண்ணீர்ப் பஞ்ச வீட்டில் ஒரு நாள் முழுக்க யாரும் தொடாமல் ஒரு குடம் இருக்குமா? சித்தப்பா ஸ்டுடியோவிலிருந்து ஹைப்போ பொட்டலம் கொண்டுவந்தார். படத்தைக் காகிதத்தில் நிலைநிறுத்துகிற அதே சோடியம் தயோசல்ஃபேட் குளோரினையும் அடித்துவிடும். உளுந்து அளவில் ஒன்றிரண்டு கல் ஒரு குடத்துக்குப் போதும். கையால் கலக்கி மோந்து பார்த்தால் வாடை இருக்காது. "ஸ்டுடியோல பிரின்ட் போட்டு மிஞ்சுன தண்ணியத் தொட்டுடாத, அதுல வெள்ளி கலந்திருக்கும், மீன் போயிடும். பொட்டலத்துல இருக்கறது மட்டுந்தான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

எங்கள் வீட்டு ஓனர் கீழே குடியிருந்தார். அவரிடம் கிணறு இருந்தது. அந்தக் கோடையிலும் வற்றாத கிணறு, அதில் மோட்டார். எங்களைப் பார்த்து அவரும் தொட்டி வாங்கினார், மூன்றடித் தொட்டி. உள்ளே உள்ளங்கை அகல கோல்டு ஃபிஷ்கள். ஞாயிறு காலையில் அவர் வீட்டில் திருவிழாதான். மீன்களை அன்னக்கூடையில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கண்ணாடியைச் சோப்பு போட்டுத் தேய்த்து, கூழாங்கற்களைக் கல்லுப்பில் புரட்டி, ஃபில்டர் பஞ்சைக் கசக்கிப் பிழிந்து வெயிலில் உலர்த்தி, புதுத் தண்ணீர் நிரப்புவார். தொட்டி பளிங்காக மின்னும். எங்கள் தொட்டியின் பின் கண்ணாடியில் பாசி படர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "மீனுக்கும் சுத்தம் வேணும் தம்பி" என்பார் என்னிடம். கிணறு இருப்பவர் சொல்லலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் மீன் செத்தது அவர் தொட்டியில்தான். புதுத் தண்ணீர் மாற்றிய மூன்றாம் நாள், நாலாம் நாள், கோல்டு ஃபிஷ்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் சிவந்திருக்கும். பிறகு ஒன்று சாயும். அவர் உடனே இன்னும் ஒரு முறை முழுத் தண்ணீரையும் மாற்றுவார். மாடியில் எங்கள் பிளாக் மோலி குட்டி மேல் குட்டியாகப் போட்டுக்கொண்டிருந்தது.

காரணம் கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் பிடிபட்டது. மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பங்கை அம்மோனியாவாகச் செவுள் வழியே விடுகிறது. அது விஷம். நைட்ரசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன; அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை, அதிகம் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக்குகிறது. மீன் தொட்டிகளில் இந்த இரண்டாவது வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998இல்தான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த உயிர்கள் தண்ணீரில் மிதப்பதைவிடக் கல்லிலும் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தயிர்ச் சட்டியில் உறைக்குக் கொஞ்சம் விட்டுவைக்காமல் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுநாள் தயிருக்குக் காத்திருந்தால் எப்படியோ, அப்படித்தான் வீட்டு ஓனர் ஒவ்வொரு ஞாயிறும் செய்தது. கூடவே கிணற்றுத் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது. காரமும் சூடும் கூடக்கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். கோல்டு ஃபிஷ்ஷோ மற்ற மீன்களைவிட அதிகம் தின்று அதிகம் கழிக்கிற ஜாதி. அவர் சுத்தம் செய்த அழுக்கில் பாதிதான் அழுக்கு. மீதி, அந்தத் தொட்டியின் உயிர்.

அந்தக் கோடையின் மே மாதத்தில் லாரி ஒரேயடியாகத் தவறத் தொடங்கியது. செடிக் குடமும் நின்றது. அப்போது சித்தப்பா செய்தவற்றைத்தான் இன்றும் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மோலிக் குட்டிகளையெல்லாம் கொளத்தூர் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தார். தினமும் இரண்டு வேளை போட்ட தீனியை ஒரு வேளையாக்கி, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும் போடச் சொன்னார். புழு அறவே கூடாது. ரெட்டேரிப் பக்கமிருந்து கைநிறையப் பாசிச் செடி பறித்து வந்து நன்றாக அலசித் தொட்டியில் விட்டார். செடி அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் தின்னும். மீன் குறைந்து, தீனி குறைந்து, செடி கூடினால் தண்ணீர் மாற்றும் நாளைத் தள்ளிப்போடலாம். வாரம் ஒரு குடம் என்ற விதி பதினைந்து நாளுக்கு ஒரு குடமாக நீண்டும் மீன்கள் தாக்குப்பிடித்தன.

வெயிலில் தொட்டித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு விரற்கடை இறங்கும். "எறங்குற அளவு ஊத்திட்டே இருந்தா போதாதா? எதுக்கு எடுக்கணும்?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பா பதில் சொல்லாமல், இறங்கிய இடத்தில் கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளைக் கோட்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே நிற்கும். ஊற்ற ஊற்ற அவை சேர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் எடுக்காமல் ஊற்றிய தொட்டியில் பழைய மீன் பழகிக்கொண்டு நீந்தும், புதிதாக விடுகிற மீன் சட்டென்று சாகும். தொட்டியின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிப்பார் சித்தப்பா. முன்னாலிருந்து பார்க்கத் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் குடத்துக்கு வழி பண்ண வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே பரிசோதனைக் கருவி அது.

இப்போது நானும் தொட்டி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில், அடுக்ககத்தில் யாராவது புதிதாக மீன் வாங்கினால், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். எத்தனை மீன், எவ்வளவு தீனி, செடி உண்டா என்று திருப்பிக் கேட்பேன். பொதுவாக, வாரம் ஒருமுறை கால்பங்கு. கூட்டம் குறைவாகவும் செடி நிறைவாகவும் இருந்தால் இரு வாரத்துக்கு ஒருமுறை. கோல்டு ஃபிஷ் என்றால் தள்ளிப்போடாதீர்கள். பஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் வேண்டாம். இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். கடைசியாக, உங்கள் வீட்டில் தண்ணீர் தாராளமாக வருமா என்று கேட்பேன். "அதுக்கென்ன சார், இருபத்துநாலு மணி நேரமும் வருது" என்பார்கள் பெருமையாக. அவர்களுக்கு மட்டும் ஓர் அளவுக் குடம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.