அண்ணாமலையார் ஊரில் மணக்கும் பன்னீர் ரோஜா

பௌர்ணமி மாலை. திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு அருகே பூக்கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலம் கிளம்பும் முன் சாமிக்கு ஒரு மாலை, தலைக்கு ஒரு முழம் பூ என்று வாங்குகிறார்கள். சாமந்தி, சம்பங்கி, அரளி, மல்லிகை எல்லாம் குவிந்து கிடந்தாலும், கண்ணில் படுவதற்கு முன்பே மணத்தால் கூப்பிடுவது பன்னீர் ரோஜாதான்.

பார்க்க அது அப்படியொன்றும் பகட்டான பூ அல்ல. வெளிர் ரோஸ் நிறம், தொட்டால் உதிரும் இதழ்கள். பூங்கொத்துக் கடையில் நிற்கும் நீளக்காம்பு சிவப்பு ரோஜா முன்னால் ஏழைச் சொந்தக்காரி மாதிரிதான் தெரியும். ஆனால், மாலைக்கும் குல்கந்துக்கும் ஆள் தேடுவது இவளைத்தான்.

'எங்களுக்கு ரோஜா ராசியில்லை!'

மாட வீதிகளைத் தாண்டி வீடுகள் பக்கம் போனால், மொட்டை மாடிகளில் வேறொரு காட்சி. வரிசையாகத் தொட்டிகள். சித்திரையில் பார்த்தால் பாதித் தொட்டிகளில் காய்ந்த குச்சிதான் நிற்கும். ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போன குடும்பம் ஆசை ஆசையாக மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி அது. தை, மாசியில் இரண்டு பூ பூத்திருக்கும். அக்னி நட்சத்திரம் வந்ததும் கருகிவிடும். "எங்க வீட்டுக்கு ரோஜா ராசியில்லைங்க" என்று சொல்லி, தொட்டியில் கற்றாழையை நட்டுவிடுவார்கள்.

இதில் ராசிக்கு வேலை இல்லை. ஊட்டி விஜயநகரத்தில் 1995-ல் அரசு அமைத்த ரோஜா பூங்கா, 2006-ல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பிடம் சிறந்த தோட்டம் என்ற விருதே வாங்கியது. ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ள குளிர்ந்த ஊர். அக்னித் தலமான திருவண்ணாமலையில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். அங்கே சிரித்த செடி இங்கே தவிக்கத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் வாங்குவது பெரும்பாலும் ஒட்டுச்செடி. மேலே இருப்பது ஒரு ரகம், வேர் வேறொரு ரகம். மேல் பாகம் வெயிலில் நலிந்தால், ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடியின் தளிர் கிளம்பிவிடும். செடி செழிப்பாகத்தான் வளரும், வாங்கிய பூ மட்டும் வராது. ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை அப்போதைக்கப்போதே அடியோடு பிய்த்துவிட வேண்டும்.

கடல் தாண்டிப் பிறந்தவள்

பன்னீர் ரோஜாவுக்கு எட்வர்ட் ரோஜா என்றும் பெயர் உண்டு. பிறந்தது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில். அன்று அதன் பெயர் போர்போன் தீவு. டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் இயற்கையாகக் கலந்து பிறந்தது இந்த ரகம். முன்னதிடமிருந்து மணத்தையும், பின்னதிடமிருந்து திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தையும் வாங்கிக்கொண்டது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரெயோன் 1819-ல் இதன் விதைகளைப் பிரான்ஸுக்கு அனுப்ப, போர்போன் ரோஜாக்கள் என்ற பெரிய குடும்பமே அங்கே உருவானது. பிரெஞ்சுக்காரர்களின் 'எதுவார்' நம் வாயில் 'எட்வர்ட்' ஆகிவிட்டது.

வெப்பத் தீவில் பிறந்ததாலோ என்னவோ, நம் வெயில் இவளுக்குப் பழக்கப்பட்டதுதான். குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும். ஒட்டு தேவையில்லை என்பதால், வெட்டினாலும் காய்ந்தாலும் அடியிலிருந்து வருவது அதே பன்னீர் ரோஜாதான்.

வெயிலைத் தாங்கும் ரோஜா வேண்டும் என்று ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டு கொடைக்கானலில் குடியேறியவர் எம்.எஸ்.வீரராகவன். மனைவி கிரிஜாவுடன் சேர்ந்து, இந்தியாவின் காட்டு ரோஜாக்களைக் கொண்டு பல புதிய ரகங்களை உருவாக்கினார். அவற்றில் மஞ்சள் நிறத்தில் பூக்கும் ஒன்றுக்கு, தாவரவியல் மேதை ஈ.கே.ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஊருக்கு ஏற்ற ரோஜாவைத் தேடுவதுதான் சரியான வழி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

வளைத்தால் பூக்கும்

பெரிய தொட்டியில் செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் மூன்றும் சம அளவு போதும். காலை வெயில் ஆறு மணி நேரம் கிடைக்கட்டும். கோடையில் மதியத்துக்கு மட்டும் நிழல் கொடுங்கள். தண்ணீரை இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். இலையில் ஈரம் தங்கினால் கரும்புள்ளி நோய் வரும்.

பன்னீர் ரோஜாவின் கிளைகள் நெடுநெடுவென்று வளரும். அப்படியே விட்டால் நுனியில் மட்டும்தான் பூக்கும். முற்றிய நீளக் கிளையை மெல்ல வளைத்து, மாடிக் கைப்பிடிக் கம்பியில் படுக்கைவாட்டில் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு கணுவிலும் தளிர் வெடித்துப் பூ வரும்.

கவாத்துக்குத்தான் நாள் பார்க்க வேண்டும். வெட்டிய 45 நாள் கணக்கில் புதுப் பூ வரத் தொடங்கும். கார்த்திகை தீபத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு, அதாவது ஐப்பசி மழையை ஒட்டி, காய்ந்த கிளைகளை நீக்கி, மற்றவற்றைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு மேலே வெட்டு சாய்வாக இருக்கட்டும்.

வெட்டிய குச்சிகளை எறிய வேண்டாம். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் நட்டு வைத்தால் மழை ஈரத்திலேயே வேர்விடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று, மேல் வீட்டுப் பாட்டிக்கு ஒன்று என்று கொடுக்கலாம்.

2,668 அடி மலையுச்சியில் ஏற்றிய மகாதீபம் 11 நாள் எரியும். அந்த நாட்களில் ஊரே மாலையானால் மொட்டை மாடி ஏறி மலையைப் பார்த்துக் கும்பிடும். ராசியில்லை என்று சொன்ன வீட்டு மாடியிலும் அப்போது கைநிறைய பன்னீர் ரோஜா இருக்கும்.