ராட்சதர் எலும்பு கிடைத்த ஊர்

ஜாவாத் தீவிலே சோலோ நகரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் சங்கிரான். எரிமலைகளைப் பார்த்துவிட்டு வருகிற கண்ணுக்கு இது வெறும் மேடும் பள்ளமும்தான். ஆனால் ஆறு அறுத்த கரையைக் கவனியுங்கள். அடியிலே கடல் சிப்பி கலந்த நீலச்சாம்பல் களிமண். அதன்மேல் சதுப்பு நிலத்துக் கறுப்புக் களி. அதற்கும் மேலே ஆற்று மணலும் எரிமலைச் சாம்பலும். கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையான கதை!

மழை பெய்து மண் கரைந்தால் பழங்கால யானை, நீர்யானை எலும்புகள் தலைகாட்டும். ஊர் ஜனங்கள் அவற்றை 'பாலுங் புத்தோ', அதாவது ராட்சதர் எலும்பு என்பார்கள். நோய் தீர்க்கும் என்றும் நம்பிக்கை.

1930-களில் கோனிக்ஸ்வால்ட் என்ற ஆராய்ச்சியாளர் இங்கே ஆதிமனிதனைத் தேடினார். மண்டையோட்டுத் துண்டு ஒன்றுக்கு 10 சென்ட் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கிடைத்த பெரிய துண்டுகளை அவர் முதுகுக்குப் பின்னால் உடைத்து எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்கள்! அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. துண்டுக்குக் காசு என்றால் வேறென்ன நடக்கும்? 1937-ல் கிடைத்த அந்தத் துண்டுகளை ஒட்டிச் சேர்த்ததும் ஆதிமனிதனின் மண்டையோடு உருவானது.

1996-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் கிரிகிலான் கிராமத்து மியூசியத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்; வெயில் ஏறினால் பிள்ளைகள் துவண்டுபோகும்.