கசிவு பார்க்கும் கூலி

தருமபுரி மாவட்டத்து மொரப்பூரில் கார் என்பது பாதிக்குப் பாதி ரயிலைப் பிடிக்க ஓடுகிற வண்டி. தருமபுரி நகரத்து ரயில் நிலையம் சேலம்–ஓசூர்–பெங்களூரு பாதையில் இருக்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சாலை வழியே மொரப்பூருக்கு வந்துதான் ஏறுகிறார்கள். இரண்டு ஊரையும் இணைத்திருந்த பழைய குறுகிய ரயில்பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே விடிவதற்குள் ஸ்டார்ட் ஆகாத கார் இந்த ஊரில் தவறிப்போன ரயிலுக்குச் சமம். காலையில் செல்ஃப் நெடுநேரம் அடிக்கிறது, வண்டிக்குள் பெட்ரோல் வாடை வருகிறது, மைலேஜ் குறைந்துவிட்டது என்று வரும் கார்களில் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் வேலையைப் பட்டறையில் நின்று கவனித்தேன். பார்த்ததிலிருந்து எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. மாட்டுவதற்குக் கூலி கேட்கிறோம், கொடுக்கிறோம். மாட்டியபின் கசிகிறதா என்று பார்க்கும் நேரத்துக்குக் கூலியும் இல்லை, பில்லில் ஒரு வரியும் இல்லை. ஆபத்தும் திறமையும் அந்த நேரத்தில்தான் இருக்கின்றன.

அழுத்தக் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். கார் டயருக்கு நாம் 30, 32 என்று காற்று அடிக்கிறோம். சாதாரண பெட்ரோல் காரின் இன்ஜெக்டர் குழாயில் பெட்ரோல் நிற்பது அதே அளவுகோலில் 45 முதல் 60 வரை. பழைய கார்புரேட்டர் காலத்தில் இவ்வளவு அழுத்தம் கிடையாது. இணைப்பு தளர்ந்தால் சொட்டும், கண்ணில் படும், துடைத்துவிட்டு இறுக்கலாம். 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகி இன்ஜெக்டர் கார்கள் பெருகியபின் சொட்டு பீச்சலாக மாறியது. சூடான என்ஜின் மேல் மெல்லிய புகைபோலத் தெறிக்கும் பெட்ரோலுக்கு ஒரு பொறி போதும். அதைத் தடுத்து நிற்பது இன்ஜெக்டரின் தலையில் மாட்டிய, சுண்டுவிரலில்கூடப் புகாத ஒரு ரப்பர் வளையம். பட்டறை மொழியில் ஓ ரிங்.

அந்த வளையத்தை மாட்டும் கையை அருகில் நின்று பார்க்க வேண்டும். முதலில் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, குழாயிலிருக்கும் அழுத்தத்தை இறக்குகிறார்கள். பேட்டரியின் நெகட்டிவ் கழற்றப்படுகிறது. பழைய ஓ ரிங் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது, அவ்வளவு இறுகிப்போயிருக்கும். புதியதில் ஒரு சொட்டு சுத்தமான என்ஜின் ஆயில் தடவுகிறார் மெக்கானிக். கிரீஸ் தொடுவதில்லை. உட்காரும் குழியைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, இன்ஜெக்டரைச் சாய்க்காமல் நேராக வைத்து, லேசாகத் திருப்பியபடி அமுக்குகிறார். சாய்ந்து போனால் குழியின் விளிம்பு ரப்பரை மயிரிழை அளவு சீவிவிடும். வெளியிலிருந்து அது தெரியவே தெரியாது. குழாயின் போல்ட்டுகளை ஒன்றை மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் சுழற்றிப் பார்க்கிறார். சுழன்றால் நேராக உட்கார்ந்திருக்கிறது. சுழலாவிட்டால் கழற்றி மறுபடியும்.

பிறகு வருவதுதான் நான் சொல்லும் வேலை. "தம்பி, சாவிய மட்டும் போடு, செல்ஃப் அடிக்காத." பம்ப் இரண்டு மூன்று விநாடி உறுமி நிற்கும். சாவியை எடுத்து மறுபடி போடச் சொல்வார். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் குழாயில் முழு அழுத்தம் ஏறிவிடும். டார்ச் அடித்து, வெள்ளை டிஷ்யூ தாளின் முனையை ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றி ஒற்றி எடுக்கிறார். ஈரம் பட்ட இடம் தாளில் சட்டென்று நிறம் மாறும். எதுவும் இல்லையென்றால்தான் ஸ்டார்ட். ஓடும்போது ஒரு முறை, சூடேறியபின் ஒரு முறை பார்க்கிறார். நிறுத்தியபின் பிரஷர் கேஜ் முள் இறங்குகிறதா என்று கவனிக்கிறார். முள் இறங்கியும் தாள் காய்ந்தே இருந்தால் பம்பின் வால்வையோ இன்ஜெக்டரின் நுனியையோ சந்தேகிக்க வேண்டும். நுனி உள்ளே சொட்டினால், சூட்டில் நிறுத்தி எடுத்த வண்டி திணறும், பிளக் கறுக்கும், என்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாடை ஏறும்.

புது ஓ ரிங், புது இன்ஜெக்டர், பின் எதற்கு இத்தனை பரிசோதனை என்று கேட்பவர்கள் உண்டு. சீவப்பட்ட ரப்பரும் புது ரப்பர்தானே? பொருள் புதியது என்பதை வைத்து அது சரியாக உட்கார்ந்தது என்று சொல்லிவிட முடியாது. இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நம் பம்புகளுக்கு வரத் தொடங்கி, இன்று அதுவே பொது எரிபொருளாகிவிட்டது. அதைக் கருதி வடிவமைக்கப்படாத பழைய கார்களின் ரப்பர் வகைகளில் சில எத்தனாலில் ஊதும், சில வறண்டு வெடிக்கும். அளவு பொருந்துகிறது என்று கைக்குக் கிடைத்த வளையத்தை மாட்டுவது முன்பைவிட இன்று ஆபத்தானது.

ஸ்கேனர் இருக்கிறதே, அது சொல்லிவிடாதா என்பது அடுத்த கேள்வி. படித்தவர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். நியாயமான கேள்வி, பாதி பதில் ஆமாம். இன்ஜெக்டரின் கீழ் ஓ ரிங்கில் காற்று புகுந்தால், கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று கம்ப்யூட்டர் காலப்போக்கில் கண்டுபிடித்து விளக்கை எரியவிடும். மேல் ஓ ரிங்கிலிருந்து பெட்ரோல் வெளியே கசிந்தால் அதற்குத் தெரியாது. பல பெட்ரோல் கார்களில் அந்தக் குழாயின் அழுத்தத்தை அளக்க சென்சாரே கிடையாது. பம்ப் கொடுத்துக்கொண்டே இருக்கும், என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் ஒரு குறையும் வராது. அங்கே மூக்கும் டார்ச்சும் தாளும்தான் கருவி.

டீசல் வண்டியில் விஷயம் வேறு அளவுக்குப் போய்விடுகிறது. காமன் ரெயில் டீசலில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். டயர் அளவுகோலில் 23,000-க்கும் மேல். அங்கே தாளோடு கையைக் கொண்டுபோகவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத டீசல் கீற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரியும், வலியும் உடனே பெரிதாக இருக்காது. ஆனால் அது அவசரமாக அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம், தாமதித்தால் விரலையே இழக்கலாம். அட்டையைத் தள்ளிப் பிடித்துத்தான் தேட வேண்டும். இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷரைப் புதிதாக மாற்றாமல் பழையதையே போட்டால் எரிந்த வாயு பக்கவாட்டில் ஏறி, 'சுக் சுக்' என்று சத்தம் கொடுத்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போலக் கறுப்பாகப் படியும். இருபது முப்பது ரூபாய்ச் சாமானை மிச்சம் பிடித்து, அடுத்த முறை கழற்றவே முடியாத இன்ஜெக்டரைச் சம்பாதிக்கிறோம். உள் கசிவுக்கு நான்கு ரிட்டர்ன் குழாய்களிலும் நான்கு சிறு பாட்டில்களைத் தொங்கவிட்டு என்ஜினை ஓட்டுகிறார்கள். மற்றதைவிட வேகமாக நிரம்பும் பாட்டில் எந்த இன்ஜெக்டர் குற்றவாளி என்று காட்டிவிடும்.

இவ்வளவு ஆபத்தான வேலையைச் சிற்றூர்ப் பட்டறையில் செய்யலாமா, கம்பெனி சர்வீஸுக்கே அனுப்பிவிட வேண்டாமா என்பவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். டீசல் இன்ஜெக்டரைப் பிரித்துப் பழுதுபார்ப்பது சோதனை பெஞ்ச் உள்ள பம்ப் கடைக்கான வேலை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மேலே சொன்ன கசிவுச் சோதனைகளுக்கு வேண்டியவை ஒரு கேஜ், டார்ச், தாள், அட்டை, நான்கு பாட்டில். இவை எந்த ஊரிலும் இருக்கலாம். எல்லா இடத்திலும் பற்றாக்குறையாக இருப்பது நேரம். அதற்குக் காரணம் வண்டிக்காரர்களாகிய நாம். "இன்னும் முடியலையாண்ணே?" என்று பக்கத்தில் நின்று கேட்கும்போது, காசு வராத அரைமணி நேரத்தை எந்த மெக்கானிக் காப்பாற்றிக்கொள்வார்? நேரம் எடுத்துப் பார்ப்பவரும் பார்க்காதவரும் ஒரே கூலி வாங்கினால், பார்ப்பவர்தான் நஷ்டப்படுகிறார். கசிவுச் சோதனை என்று தனி வரி எழுதி, தனிக் கூலி கேட்கட்டும். கேட்டால் கொடுக்க வேண்டும். கேட்காத இடத்தில் செய்தீர்களா என்று நாம் கேட்க வேண்டும்.

அந்தக் கூலியில் மறுநாள் காலைப் பார்வையும் சேர வேண்டும் என்பேன். ரப்பர் குளிரில் சுருங்கும், சூட்டில் விரிந்து ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். நண்பகலில், சூடான என்ஜினில், மார்கழி விடியலின் கசிவு அகப்படாது. இரவு முழுக்க நின்ற வண்டியில், செல்ஃப் அடிப்பதற்கு முன், பானெட்டைத் திறந்து, சாவியை மட்டும் போட்டு, அதே டிஷ்யூ தாளால் இன்னொரு முறை ஒற்றிப் பார்க்க வேண்டும். பட்டறைக்காரர் வர முடியாவிட்டால், எங்கே ஒற்ற வேண்டும் என்று முந்தின நாளே வண்டிக்காரரிடம் தொட்டுக் காட்டிவிடலாம்.