இருட்டறையில் ஒரு பச்சைப் புள்ளி

புரதச் சங்கிலியின் தலையில் எந்த அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அப்போதெல்லாம் ஓர் இரவும் ஒரு பகலும் வேண்டும். எண்பதுகளின் தொடக்கம். புதுக்கோட்டை மாமன்னர் கல்லூரியில் வேதியியல் முடித்துவிட்டுச் சென்னைக்குப் போயிருந்தேன். திருவரங்குளத்து முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிய கைக்கு அங்கே கிடைத்த வேலை, விரல் நீளக் கண்ணாடிக் குழாய்களின் வாயைத் தீயில் உருக்கி மூடுவது.

புரதத்தோடு டான்சில் குளோரைடைச் சேர்த்தால் அது சங்கிலியின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 105 டிகிரியில், ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். விடிவதற்குள் சங்கிலி உதிர்ந்துவிடும். தலையில் இருந்தவன் மட்டும் டான்சிலை விடமாட்டான். (புரோலின் தலையில் இருந்தால் அவனும் பெரும்பாலும் கரைந்து போவான். அது தனித் தலைவலி.) காலையில் குழாயை உடைத்து, உலர்த்தி, உள்ளங்கையில் அடங்கும் பாலிஅமைடு தகட்டின் மூலையில் ஒரு பொட்டு வைப்போம். முதலில் ஃபார்மிக் அமிலத்தில் ஓட்டம். தகட்டைப் பக்கவாட்டில் திருப்பி டொலுவீன், அசிட்டிக் அமிலக் கலவையில் இரண்டாம் ஓட்டம். இருட்டறையில் புறஊதா விளக்கைப் போட்டதும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு புள்ளி எழும்பும். தகட்டின் பின்பக்கத்தில் ஏற்கெனவே தெரிந்த அமிலங்களை ஓட்டியிருப்போம். இரண்டையும் ஒத்துப் பார்த்து, பென்சிலால் வட்டம் போட்டு, "லூசினா, ஐசோலூசினா" என்று சண்டை போடுவோம். தகடு வெளிநாட்டுச் சரக்கு. அம்மோனியா கலந்த அசிட்டோனில் அலசி அலசித் திரும்பவும் அதையே ஓட்டுவோம்.

தலையைப் பிடிக்கும் வித்தையை 1945இல் தொடங்கிவைத்தவர் சாங்கர். இன்சுலினில் கிளைசின், ஃபினைல்அலனின் என்று இரண்டு தலைகள் கண்டார். 1950இல் எட்மன், தலையை மட்டும் கிள்ளி எடுத்து அடுத்ததை வெளியே கொண்டுவரும் வழியைச் சொன்னார். அந்த எட்மன் வேலைக்குப் பிரிடின் வேண்டும். அந்த நெடி துவைத்தாலும் போகாது. லீவுக்கு ஊருக்கு வந்தால் அம்மா சட்டையை வாங்கிக் கொல்லைக் கொடியில் தனியாகப் போடும். "என்னய்யா, படிக்கப் போனியா, கருவாட்டுக் கடைக்குப் போனியா?"

சென்னைக்கும் புரதத்துக்கும் பழைய உறவு. ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜனின் மும்முறுக்கை அங்கேதான் முன்வைத்தார்கள். முறுக்கு நடுவில்தான், இரு நுனிகளும் பிரிந்த கயிற்று நுனி மாதிரி முறுக்கில்லாமல் கிடக்கும். போதாததற்குக் கொலாஜனின் முக்கியச் சங்கிலி ஒன்றின் தலை, பைரோகுளுட்டாமிக் அமிலமாக வளைந்து மூடிக்கொண்டிருக்கும். டான்சிலும் எட்மனும் அந்த வாசலில் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வால் பக்கம் இன்னும் மோசம். கார்பாக்சிபெப்டிடேஸ் நொதியைக் கடிக்கவிட்டு, நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எது முதலில் உதிர்ந்தது என்று ஊகிப்போம்.

பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பத்மநாபன் பாலாராம் குழுவினர் நம் கடற்கரைக் கூம்புச் சங்குகளின் நஞ்சை அதில் படித்தார்கள். அந்த நஞ்சுச் சங்கிலியின் வால் அமைடாக மூடியிருந்தால் எடையில் ஏறக்குறைய 1 டால்டன் குறையும். அந்த ஒரு டால்டனை இயந்திரம் காட்டிவிடும். எங்களால் ஜென்மத்துக்கும் முடிந்திருக்காது. இயந்திரமே மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் லூசினும் ஐசோலூசினும் ஒரே எடை. எடையை மட்டும் பார்க்கும் இயந்திரம் அங்கே திணறும். எங்கள் சின்னத் தகட்டிலோ அவை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகளாக விழுந்தன. டான்சில் குளோரைடு இன்றும் விற்கிறது. பல கல்லூரிகளில் புறஊதா விளக்கும் தூசி படிந்து இருக்கிறது. உயிர்வேதியியல் ஆசிரியர்களே, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை இந்த டான்சில் சோதனையைச் செய்ய விடுங்கள்.