பூசைக் கருத்து

நவம்பர் 2. கல்லறைத் திருநாள். தூத்தூர் கரையில் ஒரு கோயில். காலைப் பூசை முடிந்து கால் மணி நேரம் ஆகிறது. கதவுக்கு உள்பக்கம் ஒரு மேசை. மேசைமேல் நீளமான நோட்டு, ரசீதுப் புத்தகம், சில்லறை போட ஒரு பிஸ்கட் டப்பா. பேனாவை மேசைக் காலோடு நூல் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்குகிறார். எதிரே வரிசை. வரிசையில் பெண்கள், இரண்டு கிழவர்கள். நவம்பர் ஆன்மாக்களின் மாதம். மாதம் முழுக்க மரித்தவர்களுக்குப் பூசை உண்டு.

"பேரு?"

"உனக்கு என்ன வேணும் அவரு?"

"ஒண்ணா, ரெண்டா?"

மூன்று கேள்விகள். ஒரு ரசீது. அடுத்த ஆள்.

நோட்டின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறது. கோட்டுக்கு இடப்பக்கம் மரித்தவர்கள். வலப்பக்கம் உயிரோடிருப்பவர்கள். இடப்பக்கம் வேகமாக நிரம்புகிறது. வலப்பக்கத்தில் இதுவரை நான்கே வரிகள். ஒரு முழங்கால் ஆபரேஷன், ஒரு துபாய் விசா, ஒரு பெண் பார்த்தல், ஒரு நர்சிங் பரீட்சை.

வரிசை நகர்கிறது. நாற்பதைத் தொட்ட ஒரு பெண் மேசைக்கு முன் வருகிறாள். முந்தானை தலையில். கையில் நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாள். கணக்கப்பிள்ளை இவளிடம் எதுவும் கேட்பதில்லை. பேனா கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகிறது. எழுதுகிறது. ரசீது கிழிகிறது. பின்னால் நிற்கும் கிழவி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நல்லது மக்களே," என்கிறார் கணக்கப்பிள்ளை.

மேசைக்கு மேலே சுவரில் மாதக் காலண்டர். 30ஆம் தேதிக் கட்டத்தில் சிவப்பு எழுத்து: திருத்தூதர் அந்திரேயா விழா. அந்திரேயா மீன்பிடித்தவர். அதே கட்டத்தில், பால்பாயின்ட் பேனாவால், யாரோ நெருக்கி எழுதியிருக்கிறார்கள்: ஒக்கி, மாலை பூசை.

இரையுமன்துறையில் தொடங்கி நீரோடியில் முடியும் எட்டு ஊர்கள். அப்பால் கேரளம். சுறாவின் பின்னால் லட்சத்தீவைத் தாண்டிப் போகிற ஆழ்கடல்காரர்களின் ஊர்கள். ஒருமுறை போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கிப் புயல். எச்சரிக்கை கரைக்கு வந்தபோது படகுகள் வயர்லெஸ் எட்டாத தொலைவில் இருந்தன. டிசம்பர் 7ஆம் தேதி இந்தக் கரை குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. கடலில் கிடைத்த உடல்களை முகம் வைத்து அடையாளம் காண முடியவில்லை. டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது. பொருந்தியவர்களுக்குக் கல்லறை கிடைத்தது.

காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டத்துக்கு ஏழு ஆண்டு வேண்டும். அரசு அத்தனை காலம் காத்திருக்கவில்லை. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. நூறு ரூபாய்த் தாளோடு வந்தவளும் கையெழுத்துப் போட்டாள். பணம் மகளின் பெயரில் வங்கியில் இருக்கிறது.

வீடு கோயிலிலிருந்து நான்காவது சந்து. முன்னறைச் சுவரில் திரு இருதயப் படம், அதன் கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பு. மின்சாரம் போகாத நேரமெல்லாம் அது எரிகிறது. படத்துக்குப் பக்கத்தில் அவள் புருஷனின் புகைப்படம். தனியாக எடுத்த படம் ஒன்றும் இல்லாததால் கல்யாணப் படத்தை வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கோட்டு, டை, வியர்த்த நெற்றி. வலது ஓரத்தில் மணப்பெண்ணின் தோள் ஒரு விரற்கடை தப்பி உள்ளே வந்திருக்கிறது. படத்துக்கு மாலை இல்லை.

ஜன்னல் விளிம்பில் அந்தோனியார் சுரூபம், ஒரு சாண் உயரம். காணாமற்போனதை மீட்டுத் தருகிறவர் என்று பெயர் பெற்றவர். எல்லா வீட்டிலும் அந்தோனியார் அறையைப் பார்த்து நிற்பார். இங்கே அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். முகம் கடலுக்கு. உப்புக் காற்றில் மூக்கின் வர்ணம் உதிர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் அவள் அவரைத் துடைத்து அதே திசையில் திருப்பி வைக்கிறாள்.

சிவப்பு பல்புக்குக் கீழே உள்ள பிளக்கில் ஒரு கருவி சார்ஜ் ஏறுகிறது. தம்பியினுடையது. அவன் நாளைக்குத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிளம்புகிறான். நாவிக் கருவி, இஸ்ரோ உருவாக்கியது. ஒக்கிக்குப் பிறகு வந்தது. புயல் செய்தி கரையிலிருந்து படகுக்குப் போகும். படகிலிருந்து பதில் சொல்ல இதில் வழி கிடையாது.

தம்பி வந்து கருவியைப் பிடுங்கிப் பார்க்கிறான். பச்சை விளக்கு. அவள் தீர்த்தக் குப்பியைத் திறந்து, பெருவிரலை நனைத்து, அவன் நெற்றியில் சிலுவை வரைகிறாள். அவன் உயரம் அதிகம். குனிகிறான். பிறகு அவள் கருவியின்மேலும் ஒரு சிலுவை வரைகிறாள்.

"அக்கா, அதுல தண்ணி படக்கூடாது."

முந்தானையால் துடைக்கிறாள்.

மதியம் கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டிச் சத்தம். மணற்காடு. சிமென்ட் கட்டியவை நிமிர்ந்து நிற்கின்றன. கட்டாதவை ஒவ்வொரு மழைக்கும் சரிந்து, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி மேடாகின்றன. சுண்ணாம்பு வாளி கைமாறுகிறது. ஒருவன் தன் தகப்பன் சிலுவையில் கறுப்புப் பெயின்டால் பெயரைப் புதுப்பிக்கிறான். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறான். கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை.

அவள் மாமியாரின் கல்லறையில் இருக்கிறாள். புல்லைப் பிடுங்குகிறாள். மணலைக் கையால் அணைத்து ஓரம் தட்டுகிறாள். செவந்தியும் வாடாமல்லியும் மாற்றி மாற்றி வைத்து ஒரு சிலுவை. பையில் இரண்டு மெழுகுதிரி. ஒன்றை எடுத்து ஊன்றுகிறாள். மற்றது பையிலேயே இருக்கிறது.

ஐந்து மணிக்கு ஊர் திரண்டுவிடுகிறது. கூடவே காற்றும். தீக்குச்சி உரசுகிறது, அணைகிறது. உரசுகிறது, அணைகிறது. அனுபவசாலிகள் சிரட்டை கொண்டுவந்திருக்கிறார்கள். மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்க்கிறார்கள். ஒரு பெரியவர் குடையை விரித்துத் தன் மனைவியின் கல்லறையோடு ஒண்டி உட்கார்ந்திருக்கிறார்.

சிறுவர்கள் மெழுகு பொறுக்குகிறார்கள். உருட்டிப் பந்தாக்குகிறார்கள். ஒருவனிடம் கிரிக்கெட் பந்து அளவுக்குச் சேர்ந்துவிட்டது. எரிகிற திரியின் அடியில் கை நீட்டியவனுக்கு முதுகில் ஓர் அடி விழுகிறது.

நடுவில் பெரிய சிலுவை. இங்கே கல்லறை இல்லாதவர்களுக்குத் திரி கொளுத்துகிற இடம். முன்பெல்லாம் வெளியூரில் புதைத்தவர்களுக்காக. இப்போது அதன் படிகளில் இடம் போதவில்லை. கறுப்பு ரிப்பன் கட்டிய படங்கள் சிலுவையடியில் சாய்த்து வைத்திருக்கின்றன. பாதிப்பேர் கோட்டு போட்டிருக்கிறார்கள்.

அவளும் வந்து நிற்கிறாள். திரி கொளுத்தவில்லை. காற்றில் ஒரு திரி அணைகிறது. குனிந்து, பக்கத்துத் திரியிலிருந்து அதைப் பற்ற வைக்கிறாள். இன்னொன்று அணைகிறது. அதையும். யார் வீட்டுத் திரி என்று பார்ப்பதில்லை. படி படியாக நகர்ந்து ஒரு சுற்று வந்து முடிக்கும்போது முதலில் பற்ற வைத்தது அணைந்திருக்கிறது. மறுபடி தொடங்குகிறாள்.

வாசலுக்கு வெளியே, மதிலோரம், ஒருவன் பீடியோடு நிற்கிறான். அவள் புருஷனோடு அதே படகில் போனவன். கவிழ்ந்த படகைப் பிடித்துக் கிடந்து கரை சேர்ந்தவன். அதற்குப் பின் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. ஞாயிறுதோறும் கொடிமரத்தடியில்தான் நிற்பான். உள்ளே எழுந்தேற்ற மணி அடிக்கும்போது மட்டும் பீடி முதுகுக்குப் பின்னால் போகும். தோள்துண்டு இறங்கும். மணி நின்றதும் துண்டு மேலேறும். பீடி முன்னால் வரும்.

பங்குத்தந்தை தீர்த்தச் செம்போடு வரிசை வரிசையாக வருகிறார். அங்கியில் குருத்துமணல். விசுவாசப் பிரமாணம் தொடங்குகிறது. கூட்டம் பழகிய வேகத்தில் சொல்லிக்கொண்டு போகிறது. முடியும் தறுவாயில் உடலின் உயிர்ப்பைப் பற்றிய இடம் வருகிறது. அவள் குரல் அங்கே மட்டும் மற்றவர்களைவிட ஒரு படி உயர்கிறது. பிறகு கூட்டத்தோடு கலந்துவிடுகிறது.

தீர்த்தம் மதிலுக்கு வெளியேயும் கொஞ்சம் விழுகிறது. பீடிக்காரன் புறங்கையைப் பார்க்கிறான். துடைக்கவில்லை.

இருட்டுகிறது. கூட்டம் கலைகிறது. அவள் கடற்கரைக் குருசடிக்குப் போகிறாள். இங்கேயும் அந்தோனியார், கண்ணாடிக் கூட்டுக்குள். பையிலிருந்த இரண்டாவது திரியை எடுத்துக் கூட்டுக்குள் வைத்துக் கொளுத்துகிறாள். காற்று உள்ளே வராது. சுடர் நேராக நிற்கிறது. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளும் விரலில் ஓடி முடிகின்றன. கடைசியில் சிலுவையை முத்தி எடுத்து இடுப்பில் செருகுகிறாள். கடலில் இரண்டு படகு விளக்குகள். அவை உள்ளூர் வள்ளங்கள். ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்.

கோயில் மேசையில் ட்யூப்லைட் எரிகிறது. கணக்கப்பிள்ளை மறுநாள் பூசைக்கான பட்டியலைத் தனித்தாளில் பெயர்த்தெழுதுகிறார். முதலில் மரித்தவர்கள். பிறகு கோடு. பிறகு உயிரோடிருப்பவர்கள். நர்சிங் பரீட்சைக்கு அடுத்து ஓர் ஆண் பெயர். அதற்கு எதிரே: நலமாகக் கரை சேர.

நோட்டை மூடி அலமாரியில் வைக்கிறார். அடியில் பழைய நோட்டுகள், ஆண்டுவாரியாக. 2018 நோட்டிலும் அந்தப் பெயர் இருக்கிறது. வலப்பக்கத்தில்.