சக்தி இருந்தும் கூலிக்காரன் - 'கோட் 8'

விரல் நுனியிலிருந்து மின்சாரம் பாய்ச்சத் தெரிந்த ஒருவன் காலையில் எழுந்து என்ன செய்வான்? இதுவரை நாம் பார்த்த படங்களின்படி, இறுக்கமான உடுப்பை மாட்டிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புவான். 'கோட் 8' படத்தின் நாயகன் தெருவோரம் போய் நிற்கிறான். யாராவது வண்டியில் வந்து கூலி வேலைக்குக் கூப்பிட மாட்டார்களா என்று!

இந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது. (முடிவு உட்பட மொத்தக் கதையும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதல்.)

முதலில் படம் பிறந்த கதை. இயக்குநர் ஜெஃப் சான், கனடாக்காரர். நடிகர்கள் ராபி அமெல், ஸ்டீபன் அமெல். இருவரும் நிஜத்திலேயே ஒன்றுவிட்ட சகோதரர்கள். 'ஏரோ' தொடரில் வில்லும் அம்புமாக வருவாரே, அவர்தான் ஸ்டீபன். 2016-ல் இவர்கள் சுமார் 10 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து இணையத்தில் போட்டார்கள். 'இதை முழுப்படமாக எடுக்க ஆசை, பணம் கொடுங்கள்' என்று இண்டிகோகோ தளத்தில் பொதுமக்களிடமே கேட்டார்கள். கேட்டது 2 லட்சம் டாலர். வந்ததோ 20 லட்சம் டாலருக்கும் மேல்! படம் 2019 டிசம்பரில் வெளியானது. 2020 ஏப்ரலில் உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது நெட்ஃப்ளிக்ஸில் வந்து பெரிய அளவில் பார்க்கப்பட்டது. தொலைக்காட்சியில் சூப்பர் ஹீரோவாக நடித்துப் பெயர் வாங்கியவர்கள், மக்களிடம் காசு திரட்டி, காசில்லாத சூப்பர் மனிதர்களைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

சரி, கதைக்கு வருவோம்.

ஊர் பெயர் லிங்கன் சிட்டி. கற்பனை நகரம். அங்கே மக்களில் 4 சதவீதம் பேர் பிறவியிலேயே ஏதாவது ஒரு சக்தியோடு பிறக்கிறார்கள். ஒருவருக்கு நெருப்பு, ஒருவருக்குக் குளிர், ஒருவருக்குத் தொடாமலே பொருளை நகர்த்தும் திறன். படத்தின் தொடக்கத்தில் பழைய செய்திப்படம் போல ஒரு தொகுப்பு ஓடுகிறது. அதைத் தவறவிடாதீர்கள், மொத்தப் படமும் அதில்தான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களுக்கு ஏக கிராக்கி. நகரத்தைக் கட்டியதே இவர்கள்தான். பத்து ஆள் தூக்கவேண்டிய இரும்பை ஒருவர் தூக்கினால் எந்த முதலாளிக்குக் கசக்கும்? ஆனால் எல்லோரும் அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்புறம் இயந்திரங்கள் வந்தன. இயந்திரத்துக்குக் கூலி இல்லை, சங்கம் இல்லை. சக்திக்காரர்கள் தேவையில்லாமல் போனார்கள். தேவை போனது, பதிவேடு மட்டும் போகவில்லை. நேற்றுவரை 'வா வா' என்று அழைத்த ஊர் இன்று 'நீ ஆபத்தானவன்' என்கிறது. வானத்தில் டிரோன்கள் சுற்றுகின்றன. அவற்றிலிருந்து 'கார்டியன்' என்ற ரோபோ போலீஸ்கள் குதிக்கின்றன.

கானர் ரீட் (ராபி அமெல்) மின்சார வகை. அம்மா மேரி குளிர் வகை, ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு மூளையில் கட்டி. நோயினால் சக்தி கட்டுப்பாட்டில் நிற்காமல், அவர் விரும்பாதபோதும் கையில் உறைபனி படர்கிறது. வைத்தியத்துக்குப் பணம் இல்லை. உரிமம் இல்லாமல் சக்தியைப் பயன்படுத்தி வேலை செய்வது குற்றம். உரிமம் வாங்கவும் வசதி வேண்டும். இந்த நேரத்தில்தான் காரெட் (ஸ்டீபன் அமெல்) வருகிறான், கொள்ளைக் கும்பலுக்கு ஆள் சேர்க்க.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கானருக்கு அவனுடைய சக்தியை எப்படி முழுசாகப் பயன்படுத்துவது என்று வாழ்க்கையில் முதன்முதலாகக் கற்றுக்கொடுப்பது காரெட்தான். அரசாங்கம் அவன் பெயரை எழுதிக்கொண்டது, கற்றுக்கொடுக்கவில்லை. முதலாளி வேலை வாங்கினான், கற்றுக்கொடுக்கவில்லை. 'உனக்குள் இவ்வளவு இருக்கிறது' என்று சொன்ன ஒரே ஆள் ஒரு திருடன். ஒருவன் எப்படிக் குற்றத்துக்குப் போகிறான் என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் சமீபத்தில் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. பணத்தாசை மட்டும் இல்லை ஐயா, மதிப்பும்தான்.

எங்கள் கல்லூரிகளில் மூன்றாம் வருடம் வந்தவுடனே ஒரு பேச்சு தொடங்கிவிடும். "திறமை இருந்தால் போதும், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்." வருகிற ஒவ்வொரு பயிற்சியாளரும் இதைச் சொல்வார், நாங்களும் தலையாட்டுவோம். கானரிடம் இல்லாத திறமையா? உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரிடம் இல்லாதது அவனிடம் இருக்கிறது. ஆனால் அதே வேலையை ஒரு மின்மாற்றி செய்துவிடும் என்றால் சந்தையில் அவன் விலை அன்றைய கூலிதான். திறமைக்கு விலை வைப்பது திறமைசாலி இல்லை. இதை ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் வந்து சொல்லவேண்டியிருக்கிறது. நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் எங்களுக்கு, நிரலையே இயந்திரம் எழுதித்தருகிற இந்தக் காலத்தில் அந்தத் தெருவோரக் காட்சி கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது.

'எக்ஸ்-மென்' படங்களோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியாது. 2000-ல் வந்த முதல் படத்திலேயே சக்தி படைத்தவர்களைப் பதிவு செய்யும் சட்டம் பற்றி ஒரு செனட்டர் காரசாரமாகப் பேசுவார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உருவகம் என்று அந்தக் கதைகளைப் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கு அதில் எப்போதும் ஒரு நெருடல் உண்டு. நிஜ உலகில் ஒடுக்கப்பட்டவர்கள் கண்ணால் கட்டடத்தைப் பிளப்பதில்லை. அவர்கள் மேல் சுமத்தப்படும் 'ஆபத்தானவர்கள்' என்ற பட்டம் பொய். எக்ஸ்-மென் உலகில் அது பாதி உண்மை. அதனால் உருவகமே கொஞ்சம் கோணலாகிவிடுகிறது, செனட்டர் பேச்சில் நியாயம் இருப்பது போலத் தெரிகிறது.

'கோட் 8' இந்தச் சிக்கலை முழுவதும் தீர்க்கவில்லை. ஆனால் புத்திசாலித்தனமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. இங்கே யாருடைய சக்தியும் உலகத்தை அழிக்கும் அளவுக்கு இல்லை. துப்பாக்கிக் குண்டு பட்டால் எல்லோரும் சாகிறார்கள். சக்தி என்பது இங்கே ஆயுதம் என்பதைவிட உழைப்பு. தோள் வலிமை மாதிரி, கைத்தொழில் மாதிரி. உழைப்பை எடுத்துக்கொண்டு உழைத்தவனைத் துரத்துவது என்பதில் உருவகம் எதுவும் தேவையில்லை, அப்படியே புரிந்துவிடுகிறது.

இன்னும் கொடூரமான ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் 'சைக்' என்று ஒரு போதைமருந்து ஓடுகிறது. அது எதிலிருந்து தயாராகிறது தெரியுமா? சக்திக்காரர்களின் முதுகுத்தண்டு நீரிலிருந்து! வேலையும் போய், உரிமையும் போய், கடைசியில் உடம்பே சரக்காகிவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. போதைக் கும்பல், மேலிடத்துத் தாதா, 'கடைசியாக ஒரே ஒரு கொள்ளை' என்று நடுப்பகுதி முழுக்க நாம் நூறு தடவை பார்த்த சமாச்சாரம். நெருப்பு வரவழைக்கும் மேடி, பேச முடியாத பலசாலி ஃப்ரெடி இருவரும் வந்து போகிறார்கள், அவர்கள் வீட்டில் என்ன கதை என்று ஒரு வரி கிடையாது. இவ்வளவு நல்ல உலகத்தைக் கட்டிவிட்டு அதில் ஒரு சாதாரண திருட்டுக் கதையை ஓடவிட்டார்களே என்று ஆதங்கமாக இருந்தது.

ரோபோ போலீஸ் மட்டும் அதீதக் கற்பனை என்று நினைக்காதீர்கள். 2016 ஜூலையில் டல்லாஸ் நகரில் ஐந்து போலீஸ்காரர்களைச் சுட்டுக்கொன்றவனை, வெடிகுண்டு அகற்றும் ரோபோவில் வெடிமருந்தை ஏற்றி அனுப்பித்தான் போலீஸ் கொன்றது. 2022-ன் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில், உயிர் பறிக்கும் வேலைக்கும் ரோபோவை அனுப்பலாம் என்று நகர சபை ஓட்டுப் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. நியூயார்க் போலீஸ் 2021-ல் எதிர்ப்புக்குப் பயந்து திருப்பிக் கொடுத்த ரோபோ நாயை 2023-ல் மறுபடி கொண்டுவந்தது. 2024-ல் வந்த 'கோட் 8' இரண்டாம் பாகத்தில் போலீஸிடம் என்ன இருக்கிறது? ரோபோ நாய்கள்தான்.

இனி முடிவு. நியா என்று ஒரு பெண். காயத்தைக் குணமாக்கும் சக்தி, ஆனால் அடுத்தவர் வலியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டுதான் குணமாக்க முடியும். கும்பல் அவளைப் பிடித்து வைத்து மருந்துப்பெட்டி மாதிரிப் பயன்படுத்துகிறது. கானர் அவளைத் தன் அம்மாவிடம் அழைத்துப்போகிறான். மூளைக்கட்டியை எடுத்தால் அவள் செத்துவிடுவாள் என்று தெரிந்தும், செய்யச் சொல்கிறான். அவள் தொடங்குகிறாள். அம்மா பார்க்கிறார், புரிந்துகொள்கிறார், நிறுத்தச் சொல்கிறார். கானர் நிறுத்துகிறான். அம்மா இறந்துபோகிறார். அவன் போலீஸிடம் சரணடைகிறான்.

விடுதி அறையில் நாலு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் இரவு இரண்டு மணி வரை சண்டை. "பெற்ற தாயைவிட யாரோ ஒரு பெண் பெரிசா? நானாக இருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றான் ஒருவன். அவன் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவனிடம் யாரும் எதிர்த்துப் பேசவில்லை, பேசவும் முடியாது.

ஆனால் என் பதில் வேறு. படம் முழுக்க ஒவ்வொருவரும் இன்னொருவர் உடம்பிலிருந்து எதையோ உறிஞ்சுகிறார்கள். நகரம் உழைப்பை, கும்பல் முதுகுத்தண்டு நீரை, தாதா நியாவின் ஆயுளை. கடைசியில் கானரும் அதே வரிசையில் வந்து நிற்கிறான், இவ்வளவு நாள் தன்னைச் செய்ததை அவளுக்குச் செய்ய. அவன் காரணம் மற்ற எல்லோருடையதையும் விட நல்ல காரணம்தான். நல்ல காரணம் என்பதாலேயே அது பயங்கரம். அந்தச் சங்கிலியில் 'எனக்கு வேண்டாம்' என்று சொன்ன ஒரே ஆள் மேரி. மளிகைக்கடையில் வேலை பார்த்த, கை நடுங்கினால் பனி உதிர்கிற ஒரு அம்மா.

படத்தில் உண்மையான சக்தி யாருக்கு என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். என் அறை நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் பார்த்துவிட்டு யார் பக்கம் என்று சொல்லுங்கள்.