மூக்குத்தி என்றால் அம்மா, மீசை என்றால் அப்பா!

புதுச்சேரி என்றதும் பீச்சும் பிரெஞ்சு வீதிகளும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். கடலூர் சாலையிலிருந்து மேற்கே திரும்பிப் பாருங்கள். ஏரி, நெல் வயல், மூலநாதர் கோயில் என வேறொரு புதுச்சேரி இருக்கிறது. அதுதான் பாகூர். 9-ம் நூற்றாண்டில் இங்கே இருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களையே கொடுத்ததாக, பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு சொல்கிறது.

அந்த ஊரில் இன்று காது கேளாத ஒரு குழந்தை பிறந்தால் எங்கே படிக்கும்?

அரசின் சிறப்புப் பள்ளி பிள்ளைச்சாவடியில் இருக்கிறது. பார்வையற்ற பிள்ளைகளுக்கும் அதுதான். பெயர், ஆனந்தரங்கப் பிள்ளை பள்ளி. கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதிவைத்தவரின் பெயர் இந்தப் பள்ளிக்கு! பாகூர் தெற்கே, பிள்ளைச்சாவடி வடக்கே காலாப்பட்டு வழியில். நகரத்தில் பஸ் மாறி, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கோட்டக்குப்பத்தைத் தாண்டி, மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். மேற்கே இருக்கும் வில்லியனூர்க்காரர்களுக்கும் அலைச்சல்தான். ஐந்து வயதுப் பிள்ளையோடு தினமும் இப்படிப் போய்வர முடியுமா?

அந்த ஐந்து வயதுக்குள் நடப்பதுதான் முக்கியம். கேட்கும் குழந்தை வில்லியனூர் தேர்த் திருவிழாவில் அப்பா தோளில் உட்கார்ந்தபடியே நாலு வார்த்தை கற்றுக்கொள்ளும். கேளாத குழந்தைக்கு வீட்டில் சோறு, தண்ணீர், தூக்கம் என்று சில சாடைகள் கிடைக்கும். 'நாளைக்கு', 'ஏன்', 'பயமா இருக்கு' என்பதற்கெல்லாம் சாடைக்கு எங்கே போவது?

அதற்குத்தான் இந்திய சைகை மொழி. மூக்குத்தி போடும் இடத்தில் விரல் வைத்தால் பெண், அம்மா. மீசையை முறுக்கினால் ஆண், அப்பா. நம்ம ஊர் வாசனை தெரிகிறதா? சொல் வரிசையும் இலக்கணமும் தனி. காது கேளாதவர்கள் ஒன்றுகூடும் இடங்களில் வளர்ந்த மொழி இது. கிராமத்தில் தனியாக வளரும் குழந்தைக்கு அந்தக் கூட்டம் கிடைப்பதில்லை. 18-ம் நூற்றாண்டில் பாரிஸில் இலவசப் பள்ளி தொடங்கிய பாதிரியார் லெப்பேகூட, காது கேளாதவர்களின் சைகைகளைத்தான் முதலில் கற்றார்.

பிலிப்பைன்ஸ் 2018-ல் சட்டம் போட்டு, ஃபிலிப்பினோ சைகை மொழியைத் தேசிய சைகை மொழியாக்கியது. காது கேளாதோர் வகுப்பறையில் பாடமொழியும் அதுதான் என்றது. நம் நாட்டில் 2020 தேசியக் கல்விக் கொள்கை சைகை மொழியைத் தரப்படுத்தச் சொல்கிறது. 2021-ல் 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதி வந்தது. அடுத்த ஆண்டே 'சைன் லேர்ன்' ஆப். நல்ல வேலைதான். ஆனால் அறிமுகமானபோது சொற்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தேட முடிந்தது.

பாகூர் அம்மாவின் கையிலும் செல்போன் இருக்கிறது. அவர் 'பசி' என்று தமிழில் தேடினால் சைகை வீடியோ வர வேண்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போதே, பிள்ளைச்சாவடி பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே.